ஸ்ருட்காட்டில் நீ குடிக்கிற தண்ணி

மேர்ஸ்பூர்க்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

புது வீட்டில் எல்லாம் சரி, ஏரி இல்லாததுதான் குறை என்று போனில் சொன்னாய். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அன்றைக்கு உன்னோடு ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. பிள்ளை, ஏரி உன் குசினிக்கே வருகிறது. நீ இருக்கிற பகுதிக்குக் குழாயில் வருவது எங்கள் போடன்சே ஏரித் தண்ணிதான்.

ஏரிக்கரையில் உள்ள சிப்ளிங்கனில் 60 மீற்றர் ஆழத்தில் இருந்து அதை எடுக்கிறார்கள். மேலே ஆட்கள் நீந்தி விளையாடுகிற கோடையிலும் அந்த ஆழத்தில் 5 பாகைக் குளிர்தான். அங்கிருந்து 300 மீற்றருக்கு மேல் உயரமான மலைக்கு ஏற்றி, ஓசோன் செலுத்தி, மணலில் வடித்து வடக்கே அனுப்புகிறார்கள். 1958 தொடக்கம் இது நடக்கிறது. இன்று ஏறக்குறைய 40 இலட்சம் பேர் குடிக்கிறார்கள். இவ்வளவு எடுத்தும் ஏரி வற்றவில்லை. வெயிலில் ஆவியாகிப் போவது இதைவிட அதிகம்.

ஏரி வற்றாததற்குக் காரணம் ரைன் ஆறு. ஆல்ப்ஸ் மலையில் இருந்து வந்து ஒஸ்ரியாப் பக்கத்தில் ஏரிக்குள் விழுந்து, கொன்ஸ்ரன்ஸ் பாலத்துக்குக் கீழால் வெளியேறி, பக்கத்தில் இருக்கிற சின்னக் கீழ் ஏரிக்குப் போகிறது. அந்த ஆற்றின் பழைய பனிப்பாறைதான் பனியுகத்தில் இந்தப் பள்ளத்தைத் தோண்டியது. 536 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஆகக் கூடிய ஆழம் 251 மீற்றர். ஆனால் எனக்கு இதைவிட அதிசயம் டோனவ் (டானியூப்) ஆற்றுத் தண்ணி. கருங்கடலுக்குப் போகவேண்டிய அந்த ஆறு இம்மென்டிங்கன் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போகும். கோடையில் ஆற்றுப் படுக்கையே காய்ந்து கிடக்கும். போன தண்ணி எங்கே என்று அறிய 1877இல் 10 தொன் உப்பும் சாயமும் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டரை நாளில், 12 கிலோமீற்றருக்கு அப்பால் ஆஹ் ஊற்றில் தண்ணி பச்சைப் பசேல் என்று வந்தது. அந்த ஊற்றுத் தண்ணி கீழ் ஏரியில் சேர்ந்து, ரைனோடு வடகடலுக்குப் போகிறது.

இன்னொன்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களோ தெரியாது. பெரிய ஏரியின் நடுவில் எல்லைக்கோடு எதுவும் இன்றுவரை ஒப்பந்தத்தில் இல்லை. சுவிஸ்காரர் நடுக்கோடு என்கிறார்கள், ஒஸ்ரியாக்காரர் ஆழமான பகுதி எல்லோருக்கும் பொது என்கிறார்கள், ஜேர்மனி முடிவாக ஒன்றும் சொன்னதில்லை. அப்படியே விட்டுவிட்டு மீனுக்கும் கப்பலுக்கும் தண்ணிக்கும் தனித்தனியாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு துண்டு நிலத்துக்காக எத்தனை உயிர் போனதென்று பார்த்துவிட்டு வந்தவள் நான். எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

அப்படிப் பேசியதால்தான் தண்ணியும் தப்பியது. ஊர்க் கழிவும் சலவைத்தூளும் வயல் உரமும் சேர்ந்து ஏரியில் பொஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. 1979 அளவில் ஒரு கனமீற்றருக்கு 80 மில்லிகிராமையும் தாண்டிவிட்டது. பாசி பிடித்து, அடியில் ஒட்சிசன் குறையத் தொடங்கியது. கரை நாடுகள் 1959இலேயே ஒரு பொது ஆணைக்குழு அமைத்திருந்தன. ஊர் ஊராகக் கழிவுநீர் நிலையங்கள் கட்டி, சலவைத்தூளில் பொஸ்பேற்றைக் குறைத்து, இன்று அந்த அளவை 10க்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்தை நான் கையால் கண்டிருக்கிறேன். உணவகக் குசினியில் நான் சேர்ந்த புதிதில் ஃபெல்ஷன் மீன் ஒன்று ஒரு கோப்பைக்குப் போதும். வெள்ளி போல மினுங்கும். செதிள் கத்தியின் முதுகால் தட்டினாலே உதிர்ந்துவிடும். முதுகில் வாலுக்குக் கிட்ட ஒரு சின்னச் சதைச் செட்டை இருக்கும். வருசம் போகப் போக மீன் மெலிந்து, ஒரு கோப்பைக்கு இரண்டு வைக்க வேண்டி வந்தது. தண்ணியில் சத்துக் குறைந்தால் மீனுக்கும் இரை குறைவுதானே. அதோடு முதுகில் முள் உள்ள சின்ன ஸ்ரிக்லிங் மீன்கள் பெருகி அதன் குஞ்சையும் இரையையும் தின்னத் தொடங்கின. 2016இல் குவாகா என்ற மட்டியும் வந்து சேர்ந்தது. கடைசியில் 2024 தொடக்கம் மூன்று வருசத்துக்குப் பெரிய ஏரியில் ஃபெல்ஷன் பிடிக்கத் தடை போட்டார்கள். பரம்பரையாக வலை போட்ட குடும்பங்கள் தொழிலை விடுகின்றன. கொஞ்சம் பொஸ்பரஸை விடுங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள், அரசு மறுத்தது. அவர்களை நினைக்க மனம் பதைக்கிறது. ஆனாலும் மறுத்ததுதான் சரி என்பேன். 40 இலட்சம் பேர் குடிக்கிற தண்ணி அது. அந்த மட்டி இப்போது குழாய்களுக்குள்ளும் அப்பிக்கொள்வதால் சிப்ளிங்கன் ஆலையையே புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பெரிய கவலை வேறு. மாரிக் குளிரில் மேல்தண்ணி நன்றாகக் குளிர்ந்தால்தான் கனத்துக் கீழே இறங்கி, ஒட்சிசனை அடிவரை கொண்டுபோகும். இப்போது மாரியே சூடாகப் போகிறது. 1963இல் ஏரி முழுக்க உறைந்தபோது, பெப்ரவரி 12ஆம் திகதி ஹாக்னவ் ஊரார் புனித யோவானின் சிலையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டிக்கு மேலால் நடந்து சுவிஸ் கரையில் மூன்ஸ்ரர்லிங்கனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தி 1830இல் அது அங்கிருந்து இங்கே வந்தது. அடுத்த முறை ஏரி உறைந்தால் திரும்பி வரவேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டு மேல்மாடிக் கிழவி அன்றைக்குப் பின்னால் நடந்துபோனவ. சிலை இனித் தன் காலத்தில் திரும்பாது என்று சொல்லுவா. உன் காலத்திலாவது திரும்பவேண்டும் என்பது என் ஆசை.

நீ படிப்பது இயந்திரம். தண்ணிப் பக்கமும் அதில் ஒரு துறை இருக்கிறதாம். விருப்பமிருந்தால் விசாரித்துப் பார், வற்புறுத்தவில்லை.

பெந்தகோஸ்து விடுமுறைக்குக் கட்டாயம் வா. அப்பா ஆஹ் ஊற்றுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். மிளகாய்த்தூள் முடிந்திருக்கும், வறுத்து வைத்திருக்கிறேன். வெறும் போத்தல்களை மறக்காமல் கொண்டுவா.

அன்புடன்,
அம்மா