பழைய ரேட்டைப் புது ரேட்டாகக் காட்டக் கூடாது

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாலு கடையை நாலு ரோட்டுப் பக்கம் மாற்றிவிட்டான். ஆனால் கணக்கு மட்டும் அதே பழைய கணக்குதான், உனக்கே தெரியும்.

போன தடவை பேசும்போது, "லைவ் டேட்டா என்றால் வெப்சாக்கெட், அதற்கு மேல் பேச்சில்லை" என்று, பிரவுசரும் சர்வரும் இணைப்பை மூடாமல் இரு வழியும் பேசும் அந்த முறையையே பிடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். உன்னோடு போனில் வாதாடி யாராவது ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்திருக்கிறார்களா? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் புகுந்து வெட்ட முடியாது இல்லையா.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரிக்கு ரேட் காட்டும் பக்கம் செய்கிறேன் என்றேனே, அதுதான் விஷயம். அவரிடம் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு முறை முழுப் பக்கத்தையும் மறுபடி இறக்கும். போனைப் பையில் போட்டால் பிரவுசர் தூங்கிவிடும். எடுத்துப் பார்த்தால் காலையில் இருந்த ரேட் அப்படியே பளிச்சென்று நிற்கும். பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் அந்த எண்ணை நம்பி வெளியூர் பார்ட்டியிடம் விலை பேசி முடித்துவிட்டார். அதற்குள் வெள்ளி ஏறிவிட்டது. வாக்கு கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது. அந்த ஆர்டரில் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் உழைத்தும் கூலி மிஞ்சவில்லை. அவர் அதை என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார் கதிர். அதிலிருந்து எனக்கு இந்த ஒரே நினைப்புதான்.

சரி, வெப்சாக்கெட்டுக்கு வருகிறேன். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், அருமையான ஏற்பாடு. எனக்கு அதில் சண்டையே இல்லை. ஆனால் என் ரேட் பக்கத்தில் பேசுவது சர்வர் மட்டும்தான். ரேட் மேலிருந்து கீழே வருகிறது, பட்டறைக்காரர் பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ், அதாவது சர்வர் மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை, போதும். பிரவுசர் பக்கம் கேட்டால் சர்வர் தரும் சாதாரண ஹெச்டிடிபி பதில் ஒன்றை முடிக்காமல் திறந்தே வைத்து, ரேட் மாறும்போதெல்லாம் 'டேட்டா' என்று தொடங்கும் ஒரு வரி அனுப்பி, ஒரு வெற்று வரி விடுகிறேன். எழுத்து யுடிஎஃப்-8 மட்டும்தான், எனவே தமிழ் அப்படியே போகிறது. ஓபரா பிரவுசர் 2006-லேயே இதைச் செய்து பார்த்தது. இவ்வளவு எளிய சங்கதியை ஏன் நம் ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்றே புரியவில்லை.

எனக்கு இதில் பிடித்தது இணைப்பு அறுந்த பிறகு நடப்பது. ஏற்காட்டு அக்கா வீட்டுக்குப் போனபோது பஸ்ஸில் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவில் சிக்னல் எப்படி வந்து வந்து போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகும், சில நொடியில் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும். கடைசியாக எந்த எண்ணுள்ள செய்தி வந்தது என்பதையும் 'லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி' என்ற ஹெடரில், அதாவது கோரிக்கையோடு போகும் தலைப்புக் குறிப்பில், தானே சொல்லும். மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கும்போது சரியான ரேட் இருந்தது. வெப்சாக்கெட் என்றால் இந்த மறு இணைப்பை நான் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும், அல்லது ஒரு லைப்ரரியைக் கட்டி இழுத்திருக்க வேண்டும்.

தவறிய செய்திகளை என்ன செய்வது என்பது சர்வர் பாடு. ரேட்டுக்கு நடுவில் போனதெல்லாம் வேண்டாம், கடைசி எண் போதும். ஆனால் வியாபாரி பட்டறைக்குக் கொடுக்கும் ஆர்டர் அறிவிப்பும் இதே வழியில் வருகிறது. அதில் ஒன்று விட்டாலும் ஒருவருக்கு வேலை போச்சு. அதனால் ஆர்டர்களுக்கு மட்டும் எண் போட்டுச் சேமித்து, விட்ட இடத்திலிருந்து திரும்ப அனுப்புகிறேன்.

இனி நான் பயப்படும் இடம். இணைப்பு செத்தது பிரவுசருக்கே தெரியாமல் இருக்கும் நேரம் உண்டு. முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியைப் பதினைந்து நொடிக்கு ஒன்று அனுப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நடுவில் இருந்து கைமாற்றிவிடும் பிராக்ஸி சர்வர் இணைப்பை வெட்டாமல் இருக்க அது உதவும். ஆனால் அந்த வரியை பிரவுசர் விழுங்கிவிடுகிறது, பக்கத்துக்குள் ஓடும் என் புரோகிராமுக்கு அது எட்டுவதே இல்லை. அதனால் நிஜ ஈவென்ட்டாகவே ஒரு துடிப்பை அனுப்புகிறேன். நாற்பது நொடி வரவில்லையென்றால் ரேட் சாம்பல் நிறமாகி, "பழைய ரேட்" என்று பெரிய எழுத்தில் வரும். பனங்காட்டுக்காரரிடம் காட்டினேன். "இது போதும் தம்பி" என்றார்.

சர்வரில் இதைச் செய்கிறவர்கள் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் பஃபரிங்கை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வரிகளைத் தேக்கிவைத்து மொத்தமாகக் கொட்டும். ஹெச்டிடிபி 1.1 என்றால் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புதான், டேப் எத்தனை திறந்தாலும் அதற்குள்தான். எனவே ஒரே இணைப்பில் பலவற்றை அனுப்பும் ஹெச்டிடிபி 2 போட்டிருக்கிறேன். நீ செய்யும் ஏல ஆப்புக்கு வெப்சாக்கெட்தான் சரி, அங்கே இரண்டு பேரும் நொடிக்கு நொடி பேசுகிறார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஒரு உதவி. லாகின் குக்கீயில்தான் ஓடுகிறது, ஏனென்றால் இந்த இணைப்பைத் திறக்கும் பிரவுசர் கருவியான ஈவென்ட்சோர்ஸில் தனியாக ஹெடர் வைக்க வழியில்லை. அதில் ஓட்டை இருக்கிறதா என்று உன் கண்ணால் ஒரு முறை பார். புரோகிராமை நாளை அனுப்புகிறேன். அப்புறம் அந்த நாற்பது நொடி. எனக்கு அதுவே அதிகம் என்று தோன்றுகிறது, வியாபாரி குறைக்காதே என்கிறார். இருபது வைத்தால் மலையில் அடிக்கடி சாம்பல் ஆகும். நீ எவ்வளவு வைப்பாய்? யோசித்து எழுது. போன் செய்யாதே.

அன்புடன்,
செந்தில்