பெயில் கிடைத்தும் உள்ளே இருந்தவள்

அன்புள்ள சின்னு,

நலம்தானே? உன் மூட்டு வலி, பேரனின் பள்ளிக்கூடம், மாடி ஒழுகல் எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது வேறு விஷயம். கோபமும் சந்தோஷமும் சேர்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில், அதாவது பேனலில், சேர்ந்து சிறைக்குப் போய்வருகிறேன் என்றதும், "ரிட்டயர் ஆகிற வயதில் ஜெயிலா" என்று சிரித்தாயே, இப்போது கேள்.

பெண்கள் பிரிவில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி. பனியன் கம்பெனி வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு. திருட்டு வழக்கு. பெயில் கிடைத்து ஐந்து வாரம் ஆகியும் உள்ளேயே இருந்தாள். ஏன்? இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர், தலைக்குப் பத்தாயிரம் என்று நிபந்தனை. இந்த ஊரில் அவளுக்காக வீட்டு வரி ரசீதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு யார் வருவார்? மூன்று வயதுக் குழந்தை பக்கத்து வீட்டில். தனக்குப் பெயில் கிடைத்தது பொய் என்றே அவள் நினைத்துவிட்டாள். உத்தரவு வந்தும் கதவு திறக்கவில்லை என்றால் வேறு என்ன நினைப்பாள்?

1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது, மோத்தி ராம் வழக்கில். அவர் கொத்தனார். ஜாமீன் தொகை அங்கேயும் பத்தாயிரம். ஜாமீன் நிற்க வந்த சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ண அய்யர் அதை எப்படிச் சாடினார் என்று நம்ம லா காலேஜ் கத்திரிக்காய் வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷம் கழித்தும் அதே கதை என்றால் வயிறு எரிகிறது.

ஆனால் வழி இருக்கிறது, சின்னு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயில் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஒரு தன்னார்வலரையோ சிறைக்குப் போகிற வக்கீலையோ அனுப்பலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன் கேட்பதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. இதையெல்லாம் வைத்துத் தளர்வு மனு போட்டேன். மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்துவிட்டு, ஜாமீன்தாரர் இல்லாமல் அவளுடைய சொந்தப் பிணையிலேயே விட்டார். அன்று மாலை குழந்தை அவளை அடையாளம் தெரியாமல் முதலில் பின்வாங்கியது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அப்புறம் அவளே என்னைத் தேற்றினாள்.

வாதத் திறமைக்கு இதில் பெரிய வேலை இல்லை. உட்கார்ந்து கேட்கிற பொறுமை வேண்டும், ரிமாண்ட் தேதியை விடாமல் பார்க்க வேண்டும், வக்காலத்தில் கையெழுத்து வாங்கி அன்றே மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தின் (BNSS) 479-வது பிரிவை எடுத்துக்கொள். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் சொந்தப் பிணையில் விட வேண்டும், மரண தண்டனையோ ஆயுளோ வரக்கூடிய வழக்கைத் தவிர. இன்னும் வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. உள்ளே இருப்பவருக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியும்? யாராவது போட்டுக் காட்ட வேண்டும்.

சரி, உன்னிடம் வருகிறேன். நாங்கள் அங்கே திணறுவது சட்டத்தில் இல்லை, மொழியில். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா என்று வருகிற பெண்களிடம் அரைகுறை ஹிந்தியில் சைகை காட்டிக்கொண்டிருக்கிறேன். நீ நாக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அந்த ஹிந்தியை வைத்துக் கொண்டு சீரியல் பார்க்கிறாய்! கோபித்துக்கொள்ளாதே, மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பேனலில் சேரச் சாதாரணமாக மூன்று வருஷ அனுபவம் போதும், உனக்கோ வக்கீலாக முப்பது வருஷத்துக்கு மேல். கொடுப்பது மதிப்பூதியம்தான், பெரிய தொகை இல்லை. நம்ம பட்டாணியின் மகள் சேர்ந்திருக்கிற டிஃபென்ஸ் கவுன்சல் வேலை, அதாவது ஆணைக்குழுவுக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் வாதாடுவது, முழு நேரம், அதில் தனி பிராக்டீஸ் கூடாது, அது உனக்குச் சரிப்படாது. காசே வேண்டாம், நேரம் கிடைக்கும்போது மட்டும் வழக்கு எடுக்கிறேன் என்றால் மத்திய அரசின் இலவச வக்கீல் திட்டமான நியாய பந்து இருக்கிறது, 2017-லிருந்து நடக்கிறது. ஆனாலும் நீ பேனலுக்குத்தான் வர வேண்டும் என்பது என் ஆசை. பெண்கள் பிரிவில் பெண் வக்கீல் போய் உட்கார்ந்தால் அவர்கள் சொல்வதே வேறாக இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று கூடக் கேட்க வேண்டியதில்லை. பெண் என்றாலும், காவலில் இருப்பவர் என்றாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் உதவிக்கு உரிமை உண்டு.

உங்கள் மாவட்டத்தில் பேனலுக்கு எப்போது விண்ணப்பம் வாங்குவார்கள் என்று கோர்ட் வளாகத்தில் இருக்கிற ஆணைக்குழு அலுவலகத்தில் நாளைக்கே விசாரி. பார் கவுன்சில் பதிவு நகலைத் தேடி எடுத்து வை. அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல். உன்னை அனுப்ப மறுத்தால் எனக்குப் போன் போடச் சொல்.

அன்புடன்,
உன் ராஜி