விட மனசில்லாத பள்ளம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தத்துவச் சிறுகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?’ என்ற கதையைச் சுருக்கிக் கொடுத்து, கீழே கட்டம் கட்டி ‘பேராசை பெருநஷ்டம்’ என்று போட்டிருந்தீர்கள். அந்தக் கட்டம் எனக்கு வருத்தமாக இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் நிலம் அளந்தவன் நான். சின்ன வயதில் வாத்தியார் இதே கதையைச் சொல்லி, இதே நீதியைக் கரும்பலகையில் எழுதினார். நீதி ஞாபகத்தில் நின்றது, கதை மறந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாக வாசித்தேன்.

கதையில், ருஷ்யாவின் பாஷ்கீர் இன மக்கள் பாகோம் என்ற விவசாயிக்கு நிலத்தை நாள் கணக்கில் விற்கிறார்கள். சூரியன் உதிக்கும்போது ஒரு மேட்டிலிருந்து கிளம்பி, அது மறைவதற்குள் அதே இடத்துக்குச் சுற்றி வந்துவிட்டால் அத்தனையும் ஆயிரம் ரூபிளுக்கு உனக்கு. பலருக்கு இது விசித்திரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாஞ்சில்நாட்டுப் பெரியவர்கள் வயலை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள், இத்தனை கோட்டை விதைப்பாடு என்பார்கள்; கோட்டை என்பது நெல் அளக்கும் பழைய அளவு. விதைக்கிற கையை வைத்து அளந்தது நம் ஊர், நடக்கிற காலை வைத்து அளந்தது அந்த ஊர்.

பாகோம் திரும்ப வேண்டிய இடத்தில் ஈரமான ஒரு பள்ளத்தைப் பார்க்கிறான். இதில் ஆளிச்செடி நன்றாக வருமே, விட மனசில்லையே என்று அதையும் வளைத்துக்கொண்டு போகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

திருவட்டாறு பக்கம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு அளக்கப் போயிருந்தேன். ரப்பர்ச் சரிவு, சருகுக்குள் சங்கிலி இழுபடுகிறது. அடியில் நீர் ஊறும் ஒரு பள்ளம். எல்லைக்கல் போட வேண்டியது அதற்கு இப்பால். அண்ணன் அதன் கரையில் நின்றுகொண்டு, “சாரே, இதுல மட்டி வாழை வச்சா எப்படி வரும் தெரியுமா?” என்றார். அவர் குரலில் பேராசை இல்லை. குழந்தையின் தலையைத் தடவுகிறவரின் குரல் அது. அந்தப் பள்ளத்துக்காக இரண்டு பேரும் பல வருடம் பேசாமல் இருந்தார்கள்.

மண்ணைத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பள்ளம் கண்ணில் படும். பாகோமைக் கொன்றது அவனுடைய கெட்ட குணம் என்றால் எனக்குப் பயமில்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று தள்ளிப் போய்விடுவேன். அவனுடைய நல்ல கண்ணே அவனை இழுத்துக்கொண்டு போனது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசி ஓட்டமும் அப்படித்தான். கீழே இருட்டிவிட்டது, எல்லாம் போச்சு என்று நினைக்கிறான். கிளம்பிய மேட்டில் நிற்பவர்களுக்கு இன்னும் சூரியன் தெரியும் என்று ஞாபகம் வந்து ஏறி ஓடுகிறான். குமாரகோவிலில் விளக்கு வைத்த பிறகும் வேளிமலை உச்சியில் வெயில் கிடப்பதை எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறேன்! ஏறிப் போய் விழுந்து சாகிறான். வேலைக்காரன் குழி வெட்டுகிறான். குழியின் நீளம் ருஷ்ய மூலத்தில் 3 அர்ஷின், அதாவது 7 அடி. தமிழில் நாம் 6 அடி என்போம். அகலம் 3 அடி வைத்தால் 18 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. செண்டுக்கு 24 பேர். பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டுவிட்டு, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தாளர் காஃப்காவின் வாயிற்காவலன் கதையும் இப்படித்தான், இரண்டு பக்கம்கூட இருக்காது. ஆயுள் முழுக்க வாசலில் காத்திருந்தவனிடம், இது உனக்காகவே இருந்த வாசல் என்று சொல்லி அடைத்துவிடுகிறான் காவலன். அதற்குக் கீழே என்ன நீதி எழுத முடியும்? நான் வாசித்து நாலு வருடமாகிறது, இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைக்காததால்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டால்ஸ்டாயின் அந்தக் கதையை ஓர் இதழில் சுருக்காமல் முழுதாக வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் இரண்டு இதழில் போடுங்கள். பள்ளம் வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கீழே கட்டம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தக்கலை.