கிளிமீனைக் காக்க, நம் பவளப் பாரைக் காக்க: ஊர்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கும், பிழைப்புக்காக வெளியூர், வெளிநாடு போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

கிளிமீன் கழுவிய பெண்களுக்கெல்லாம் தெரியும், அதன் குடலைக் கீறினால் வெள்ளை வெளேரென்று குழைந்த மணல் வரும். நாலு தண்ணீர் கூட விட்டு அலசுவோம். அந்த மணலை அரைத்தது அந்த மீனேதான். பல்லெல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிளிமூக்குப் போல ஆன வாயால், செத்த பவளத்தின் மேல் படிந்த பாசியைக் கல்லோடு சேர்த்துச் சுரண்டும். தண்ணீருக்குள் முங்கியவர்கள் அந்தக் கறக் கறக் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். தொண்டைக்குள் இன்னும் பல் இருக்கிறது. அது அம்மி போல அந்தக் கல்லை மாவாக்கும். பாசி உடம்பில் சேர, கல் மணலாக வெளியே போகும். மாலத்தீவில் வாக்கரு தீவைச் சுற்றிச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் தந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மணல் ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் பாசி. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்ததைப் பார்த்தவர்கள் நாம். 2016-க்குப் பிறகு உயிரோடு இருந்த பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. செத்த பவளத்தில் சில வாரங்களிலேயே பாசி படரும். பாசி மூடிய கல்லில் பவளக் குஞ்சு வந்து ஒட்டாது. அந்தக் கல்லைச் சுரண்டிச் சுத்தமாக்குவதில் கிளிமீனுக்கும் ஓரா மீனுக்கும் பெரிய பங்கு உண்டு. (கட்டக்கோரைப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுக்கும் நம் பெண்களின் தொழிலுக்கு இதனால் எந்தக் குறையும் வராது. நாங்கள் சொல்வது கல்லை மூடும் குட்டைப் பாசியை.)

பார், அதாவது கடலடிப் பவளத் திட்டு, போனால் என்ன ஆகும் என்று நாம் வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளக்கல்லை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

இப்போது கல் வெட்டுவதில்லை. ஆனால் பார் ஓரத்தில் மீன் பிடிக்கக் கூடு வைக்கிறோம். அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் குழுவுக்கு இல்லை, எங்களில் பாதிப் பேர் கூடு வைப்பவர்கள்தான். கூட்டைத் தூக்கும்போது உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் மூலையில் துள்ளுகின்றன. ஏலத்தில் அவற்றைக் கேட்க ஆளில்லை. அப்புறம், கயிறு அறுந்து கடலடியில் தங்கிவிடும் கூடு. அது யாருக்கும் பயனில்லாமல் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும்.

கென்யாவில் கூட்டில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் ஓர் இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் வெளியேறின, விலை போகும் மீன் தங்கியது. நம் 80 கூடுகளிலும் அதே இடைவெளியை வைக்கப் போகிறோம். பக்கத்தில் ஒரு சின்னக் கதவைப் பருத்தி நூலால் கட்டுவோம். கூடு தொலைந்தால் நூல் இற்றுக் கதவு தானே திறந்துகொள்ளும். கச்சான் காற்று ஓய்ந்ததும், வனத்துறை அனுமதியோடு, பாரில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளையும் கூடுகளையும் 20 நாள் எடுப்போம்.

பெரிய கிளிமீனை உயிரோடு விடுபவருக்குப் பணம் கொடுக்கலாமா என்றும் பேசினோம். பணத்துக்காகவே அதைத் தேடிப் பிடிக்கும் நிலை வரும் என்று விட்டுவிட்டோம். ஆனாலும் கூடு வைக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்: பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் பெரியது பெரும்பாலும் ஆண், பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறியதாகவும் இருக்கும். அது பாரில் இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

செலவு இப்படி: ஒரு கூட்டுக்கு 900 ரூபாய் வீதம் 72,000. வல்லம் (படகு), டீசல், மூன்று ஆள் கூலி சேர்த்து நாளுக்கு 6,000 வீதம் 20 நாளுக்கு 1,20,000. மொத்தம் 1,92,000 ரூபாய். கரையில் இருப்பவர்கள் ஏற்கெனவே 41,500 போட்டுவிட்டோம். மீதி 1,50,500 வேண்டும். ஒரு கூட்டின் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டாலே பெரிய உதவி. முடியாதவர்கள் நூறு ரூபாய் கொடுத்தாலும் சரி, ஒரு நாள் வலை இழுக்க வந்தாலும் சரி.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதம் ஒரு முறை ஏலக்கூடத்துப் பலகையில் எழுதப்படும். பெயர் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தொகையை மட்டும் எழுதுகிறோம்.