காலை நேரச் செயின் சத்தமும் பூஸ்ட் கூட்டிய வண்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் டேர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி) பூட்டி, பூஸ்ட் எனும் அந்தக் காற்றழுத்தத்தையும் கூட்டிய வண்டிகள் பெருகிவிட்டன. 660 சிசி வேகன் ஆர், எவரி, ஆல்ட்டோ வேர்க்ஸ் தொடங்கி எஸ்ஆர்20டெட் இன்ஜின் பூட்டிய பழைய நிசான்கள் வரை உவர்மலையிலும் நிலாவெளி வீதியிலும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்த வண்டியைத்தான் எல்லோரும் திருத்தித் திருத்தி ஓடினோம். இன்ஜினுக்கு வயது ஏறிய அதே காலத்தில் பூஸ்டையும் ஏற்றிவிட்டோம். டேர்போவுக்கும் எக்ஸோஸ்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வால்வுகளை மூடி வைக்கும் ஸ்பிரிங்கையும் திரும்பியும் பார்ப்பதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

“செயின் வண்டி, ஆயுளுக்கும் போதும்” என்று விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார். செயின் இரும்புதான், ஆனால் அதை இறுக்கிப் பிடித்திருப்பது ஒயில். டென்ஷனருக்குள் ஒரு சிறு பிஸ்டன், அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய ஸ்பிரிங், உள்ளே வந்த ஒயில் திரும்பி ஓடாமல் அடைக்கும் ஒரு குண்டு வால்வு. பிஸ்டன் பின்வாங்காமல் பிடிக்கிற பல்வரிசையும் பெரும்பாலானவற்றில் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒயில் கீழே வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் ஏறும்வரை செயினைப் பிடிப்பது அந்த மெல்லிய ஸ்பிரிங்கும் பல்வரிசையும் மட்டுமே. ஒரு விநாடிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு விநாடி “கட கட” என்று நீண்டால் ஒயில் பிந்தி வருகிறது, அல்லது டென்ஷனர் தேய்ந்துவிட்டது, அல்லது செயினே நீண்டுவிட்டது. செயின் நீள்வது என்றால் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்கின்றன; நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் தேய்மானம் ஒன்றுசேர்ந்து நீளமாகத் தெரிகிறது. பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டிரெக்ட் இன்ஜெக்ஷன் டேர்போக்களில் ஒயிலில் சேரும் கரி இந்தத் தேய்மானத்துக்கு அரம் போல வேலை செய்யும்.

செயினை மூடியிருக்கும் டைமிங் கவரைக் கழற்ற முன்னர் மலிவான காரணத்தைப் பாருங்கள். ஒயில் பில்டருக்குள் ஒயில் வடிந்துபோகாமல் தடுக்கும் ஒரு றப்பர்த் தகடு உண்டு. விலை குறைந்த பில்டர்களில் அது இறுகிப்போயிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. நல்ல பில்டரும் தயாரிப்பாளர் சொன்ன தடிப்பில் ஒயிலும் மாற்றியதும் சத்தம் நின்றுபோன வண்டிகள் ஏராளம். “டேர்போவுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது” என்று 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. தடித்த ஒயில் டென்ஷனரின் சிறு துளைக்குள் மெதுவாகவே ஏறும். காலைச் சத்தம் கூடும். 660 சிசி இன்ஜின்கள் கொள்வது 3 லீற்றருக்கும் குறைவான ஒயில். அதில் அரை லீற்றர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். பூஸ்ட் கூட்டிய வண்டிக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றும் கணக்குச் சரிவராது. 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

நமது ஓட்டமும் இதற்குத் தோதாக இல்லை. உவர்மலையிலிருந்து பாடசாலைக்கு, பிறகு சந்தைக்கு என்று நாலைந்து கிலோமீற்றர் ஓட்டங்களில் ஒயில் முழுச்சூட்டுக்கு வருவதில்லை. எரியாத பெற்றோலும் நீராவியும் அதிலேயே தங்கிவிடுகின்றன. வார இறுதியில் அதே ஒயிலோடு கந்தளாய் தாண்டி ஹபரணை வரை முழுப் பூஸ்டில் மிதிக்கிறோம். மேட்டில் வண்டியைக் கியரில் விட்டு நிறுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். வண்டி பின்னுக்குச் சற்று உருண்டால் கிராங்க் எதிர்த்திசையில் திரும்பி, பல்வரிசை தேய்ந்த டென்ஷனரை உள்ளே தள்ளிவிடும். வொக்ஸ்வாகன், அவுடி வண்டிகளில் வந்த இஏ888 இன்ஜினின் ஆரம்பகால டென்ஷனர் இந்தப் பல்வரிசைக் கோளாறுக்குப் பெயர்போனது. பின்னர் அதன் வடிவத்தையே மாற்றினார்கள். ஹேண்ட் பிரேக்கை முதலில் இழுத்து, பாரம் அதில் தங்கிய பிறகு கியரைப் போட்டால் போதும்.

கேட்கிற சத்தம் எல்லாம் செயினும் இல்லை. டேர்போவைச் சுற்றி மிகைப் புகையை விடும் வேஸ்ட்கேட் கதவு தளர்ந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கும். ஆனால் அது சூடான இன்ஜினில், அக்ஸிலரேட்டரை இலேசாகத் தொட்டு விடும்போது, டேர்போப் பக்கத்திலிருந்து வரும். செயின் சத்தம் குளிர்ந்த ஸ்டார்ட்டில் டைமிங் கவருக்குள் கேட்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரை கவரில் ஊன்றிக் காதை வைத்தால் பிரித்துவிடலாம். ஸ்கேனரில் பி0016 அல்லது பி0017 வந்தால் கேம் ஒரு பக்கம், கிராங்க் ஒரு பக்கம் நிற்கிறது என்று பொருள். உடனே விவிடி சொலனொயிட்டை (கேமின் நேரத்தை மாற்றும் ஒயில் வால்வு) மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அடியிலுள்ள ஒயில் தட்டான சம்பைக் கழற்றி, ஒயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரைப் பார்த்திருந்தால் கபில நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், அதாவது செயின் உரசி ஓடும் கைட்டின் உடைசல், அங்கே கிடந்திருக்கும். கேமின் பற்சில்லில் 40 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், செயின் ஒரு பல் தாண்டினால் கேமில் 9 பாகை, கிராங்கில் 18 பாகை பிசகும். இரண்டு மூன்று பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும்.

இனி ஸ்பிரிங். பூஸ்ட் கூட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. எஸ்ஆர்20டெட் இன்ஜினின் இன்டேக் வால்வு 34 மில்லிமீற்றர். தண்டின் தடிப்பைக் கழித்தால் அதன் முதுகுப் பரப்பு ஏறக்குறைய 8.8 சதுர சென்ரிமீற்றர். 1 பார் பூஸ்டில், மூடியிருக்கும் அந்த வால்வின் முதுகில், அதைத் திறக்கும் திசையில், சுமார் 9 கிலோ அழுத்தம் விழுகிறது. மூடியிருக்கும்போது ஸ்பிரிங் கொடுக்கும் பிடி 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 11 கிலோ. 0.5 பார் பூஸ்டில் நாலரைக் கிலோதான் கழிந்தது; 1.2 பாருக்கு ஏற்றினால் 10 கிலோவுக்கு மேல் போய்விடும். அத்தோடு வயதான ஸ்பிரிங் 2 கிலோ தளர்ந்திருந்தால் உயர்ந்த சுற்றுகளில் வால்வு கேமைப் பின்தொடராது, அது மூடி அமரும் இருக்கையில் குந்தித் துள்ளும். ஓட்டுகிறவருக்கு இது 6,500, 7,000 சுற்றில் “பட பட” என்று அடைத்துக்கொண்டு வலு நிற்பதாகத் தெரியும். பிளக் மாற்றுவார்கள், கொயில் மாற்றுவார்கள், டியூனிங்கைக் குறை சொல்வார்கள். எஸ்ஆர்20 இன்ஜினில் கேமின் அசைவை வால்வுக்குக் கொடுக்கும் ரொக்கர் ஆர்ம் கழன்று விழுந்த பிறகுதான் விசயம் வெளிச்சத்துக்கு வரும்.

எனவே வால்வுகள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றும்போதெல்லாம் ஸ்பிரிங்கை அளக்க வேண்டும். கையால் அழுத்திப் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்வது அளவு ஆகாது. தனியே நிற்கும் நீளம், நேராக நிற்கிறதா என்ற சரிவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டிய உயரத்தில் அது காட்டும் கிலோ: இவை மூன்றும் வேண்டும். குறிப்பிட்ட அளவிலிருந்து 10 சதவீதம் தளர்ந்தால் கழித்துவிடுங்கள், ஒன்று இரண்டை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுங்கள். வால்வு இருக்கையைக் கடைந்த ஹெட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கடைந்த அளவுக்கு வால்வுத் தண்டு மேலே எழும்பும், ஸ்பிரிங் பூட்டும் உயரம் கூடும், பிடி குறையும். மில்லிமீற்றருக்கு 4 கிலோ கொடுக்கும் ஸ்பிரிங்கில் அரை மில்லிமீற்றர் எழும்பினால் 2 கிலோ நட்டம். அடியில் அதே தடிப்பில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு எழும்பியது என்பதை அளக்காமல் ஷிம் வைக்க முடியாது. வால்வை அதிகம் திறக்கும் உயர்லிஃப்ட் கேம் போட்டவர்கள் முழுத்திறப்பில் சுருள்களுக்கிடையே மொத்தமாக 1 முதல் 1.5 மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்சுகிறதா, ஸ்பிரிங்கின் மேல்தட்டான ரிட்டெய்னர் வால்வு சீலில் முட்டாமல் அதே அளவு தள்ளி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சீலில் முட்டினால் கொஞ்சநாளில் நீலப்புகை வரும். பழி டேர்போவின் மேல் விழும்.

ஹெட்டைக் கழற்றாமல் மாற்றுவதானால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 6 பார் காற்றுக் கொடுத்து வால்வைத் தாங்க வையுங்கள். பிஸ்டன் சரியாக மேல்நிலையில் இல்லையென்றால் காற்று கிராங்கைச் சுழற்றிவிடும். ஸ்பானர் மாட்டியபடி விட்டிருந்தால் கை போகும். ஹெட்டின் ஒயில் வடிகால் துளைகளை முதலில் துணியால் அடையுங்கள். ரிட்டெய்னரை வால்வுத் தண்டில் பிடிக்கும் வால்வு லொக் புளியங்கொட்டைப் பாதியை விடச் சிறியது. அது துளைக்குள் விழுந்தால் சம்பைக் கழற்றியே தேட வேண்டும். சுருள் நெருக்கம் ஒரு பக்கம் கூடிய ஸ்பிரிங்கானால் நெருக்கமான பக்கம் ஹெட்டை நோக்கி இருக்கட்டும்.

கடினமான ஸ்பிரிங் போட்டதும் கதை முடிவதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு கடினமோ அவ்வளவுக்குக் கேமைச் சுழற்றும் பாரமும் வால்வு மூடும்போது கேம் திருப்பி உதைக்கும் உதையும் கூடும். இரண்டையும் வாங்குவது செயினும் டென்ஷனரும் கைட்டும். பழைய டென்ஷனரின் மேல் புதிய ஸ்பிரிங் என்பது பழைய அத்திவாரத்தின் மேல் புதிய மாடி. ஸ்பிரிங் மாற்றும் அன்றே செயின், டென்ஷனர், கைட் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்கிறோம். ஜப்பானிலிருந்து வந்து மாதக்கணக்கில் வரண்டு கிடந்த பாவித்த இன்ஜினுக்கும், வண்டியில் ஏற்ற முன்னரே, இதே செட்.

பூட்டும் முறையில் தவறுவது சில இடங்களில்தான். கிராங்கை ஓடும் திசையில் மட்டும் திருப்பி முதல் சிலிண்டரை மேல்நிலையில் நிறுத்துங்கள். பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். டென்ஷனரை அழுத்தி ஊசி குத்திப் பூட்டி, குறிகள் சேர்ந்த பிறகே ஊசியை இழுங்கள். அதன் 6 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான் இறுக்கம். கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளைப் பாருங்கள். பற்சில்லுக் குறிகள் திரும்பச் சேரும். செயினின் நிறக் கண்ணிகள் சேராது. அதைக் கண்டு பயந்து மறுபடி கழற்றாதீர்கள். கவருக்கு சிலிக்கன் பசையை 3 மில்லிமீற்றர்க் கோடாக மட்டும் இடுங்கள். உள்ளே பிதுங்கியது ஸ்ட்ரெய்னரில்தான் போய் ஒட்டும். கடைசியாக, பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஐந்தைந்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்கப் போய்ப் புதிய செயினை ஒயில் இல்லாமல் அடிக்க வைக்கிறார்கள்.

4ஜி63, ஈஜே20, 1ஜேஇசட் வைத்திருப்போருக்கு டென்ஷனர்க் கதை வேறு, அவை பெல்ட் இன்ஜின்கள். ஸ்பிரிங் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். ஹொண்டாவின் 1.0 லீற்றர் டேர்போவில் இருப்பதும் செயின் இல்லை, ஒயிலுக்குள் ஓடும் பெல்ட். அதற்குத் தவறான ஒயில் ஊற்றினால் பெல்ட்டே கரைந்து உரியும்.

நமது கராஜ்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங் அளக்கும் கருவியும் நேரடி ஒயில் அழுத்த மானியும் வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் பில்லில் ஸ்பிரிங்கின் பூட்டிய உயரம், அந்த உயரத்தில் அது காட்டிய கிலோ, சூடான ஐட்லிங்கில் ஒயில் அழுத்தம், செயின் மாற்றிய கிலோமீற்றர் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் கேட்டு வாங்குங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்கள் சிலர்,
திருகோணமலை.