சக்தி குழுவினருக்கு: ஒரு கூட்டலுக்கு ஏழு கட்டளை வேண்டாம்

சென்னை ஐஐடியில் சக்தி பிராசசரை வடிவமைக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சக்தியில் டேக், அதாவது ஒரு மதிப்பு என்ன வகை என்று காட்டும் அடையாள பிட், பார்த்துக் கூட்டும் கட்டளை ஒன்றைச் சேருங்கள்.

நான் சின்ன நிரல் மொழிகளுக்கு இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து அப்படியே ஓட்டும் மென்பொருள்) எழுதுபவன். லிஸ்ப், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி மொழிகளில் இரண்டு மாறிகளைக் கூட்டச் சொன்னால், அவை எண்ணா வேறு ஏதாவதா என்பது ஓடும்போதுதான் தெரியும், அதனால் சின்ன முழு எண் என்றால் கடைசி பிட்டைப் பூஜ்ஜியமாக வைத்து அடையாளம் காட்டுவது வழக்கம். இதை சக்தியின் கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-ஃபைவில் எழுதிப் பாருங்கள். இரண்டு மதிப்பையும் ஆர் செய்ய (எதில் பிட் 1 என்றாலும் விடையிலும் 1) ஒரு கட்டளை, கடைசி பிட்டைப் பிரிக்க ஒன்று, பூஜ்ஜியம் இல்லையென்றால் தாவ ஒன்று. அப்புறம் கூட்டல். கூட்டலின் நிலையைக் குறித்து வைக்கும் கண்டிஷன் ஃபிளாக் கிடையாது என்பதால், முழு அகலக் கூட்டலில் விடை அடங்காமல் ஓவர்ஃப்ளோ ஆனதா என்று பார்க்க இன்னும் மூன்று. மொத்தம் ஏழு! லூப்புக்குள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இதே ஏழு.

பெரிய பிராசசர் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் ஓட்டி இந்தச் செலவை மறைத்துவிடும், சரி. ஆனால் சக்தியில் சின்ன வகையான உங்கள் இ-கிளாஸ் மூன்று நிலை பைப்லைன், கட்டளைகள் வரிசையாகத்தான் போகும், அங்கே ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) போகிறது. மைக்ரோபைத்தான் (சின்ன சிப்புக்கான பைத்தான்) போன்றவை ஓட வேண்டியதும் அந்த அளவு சிப்பில்தானே?

இது புதுசு இல்லை. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பிராசசரில் 1980களிலேயே இப்படிக் கட்டளை இருந்தது: கூட்டும்போதே இரண்டு மதிப்பிலும் கடைசி இரண்டு பிட் பூஜ்ஜியமா, விடை அடங்கியதா என்று சேர்த்தே பார்த்துவிடும். ஆர்ம் பிராசசர்கூட ஜாவாஸ்கிரிப்ட்டின் தசம எண்ணை முழு எண்ணாக்கவென்றே தனிக் கட்டளை வைத்திருக்கிறது.

மொழிக்காக சிப் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பீர்கள். இன்டெல் 1981இல் கொண்டுவந்த ஐஏபிஎக்ஸ் 432 பிராசசர், அடா என்ற நிரல் மொழியை மனதில் வைத்து ஆப்ஜெக்ட் பாதுகாப்பு முழுவதையும் சிலிக்கனுக்குள் திணித்தது, ஆமை வேகத்தில் ஓடியது, சந்தையில் நிற்கவில்லை. நான் அப்படி மொழியையே சிப்புக்குள் வைக்கச் சொல்லவில்லை. ஓடும்போதே வகை தெரியவரும் பல டைனமிக் மொழிகளுக்குப் பொதுவான ஒரே ஒரு சோதனையைத்தான் கேட்கிறேன்.

இதற்கென்றே ரிஸ்க்-ஃபைவில் கஸ்டம் கட்டளைகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிப் வடிவமைப்பு மொழியான ப்ளூஸ்பெக்கில் எழுதிய உங்கள் கோடும் திறந்தே இருக்கிறது. கட்டளையின் பிட் அமைப்பை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள், அசெம்பிளர் (கட்டளைகளை பிட்டுகளாக மாற்றும் மென்பொருள்), இன்டர்பிரெட்டர் பக்க வேலையை நான் செய்து, ஏழு கட்டளைக்கும் ஒன்றுக்கும் எத்தனை சைக்கிள் வித்தியாசம் என்று அளந்து அனுப்புகிறேன்.