இன்னும் 9 நாட்கள் இருக்கின்றன, மகன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ வராமலே உனக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பை நீக்க மறுத்து, அங்கே அமெரிக்காவில் வங்குரோத்து நீதிமன்றம் போட்ட கட்டளையை நீ அனுப்பியிருந்தாய். மேன்முறையீடு செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கட்டளையை மூன்று முறை வாசித்தேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஏசவில்லை, மாமாங்கத்துக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் 31 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86ஆம் பிரிவின்படி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை, அதாவது எதிராளி வராமலே கொடுத்த தீர்ப்பாணை, கிடைத்து 14 நாட்களுக்குள் எதிராளி வந்து, முன்பு வராததற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். செங்கலடியிலிருந்தும் வவுணதீவிலிருந்தும் வந்தவர்கள் முதலில் பேசியது கடனைப் பற்றித்தான். "கட்டிவிட்டேன் ஐயா" என்பார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் தடுமாறுவார்கள். நீயும் இரண்டு பக்கம் கடனைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

பொய் சொல்லிக் கடன் வாங்கினாய் என்று கடன் கொடுத்தவர்கள் வைத்த வழக்கில் நீ பதில் கொடுக்கவில்லை. அதனால் வங்குரோத்து முடிந்தாலும் அந்தக் கடன் உன்னை விடாது. ஆனால் இந்த மேன்முறையீட்டில் கேட்கப்போவது, தீர்ப்பை நீக்க மறுத்தது பிழையா என்பதைத்தான். கடனைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம், உன்னிடம் உண்மையான எதிர்வாதம் இருந்தது என்று காட்டும் அளவுக்கு மட்டுமே.

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். வீடு மாறியபோது புதிய முகவரியை நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுத்தாயா? இங்கே அழைப்பாணையை முதலில் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள், அது சேராவிட்டால் பிஸ்கால் என்ற நீதிமன்ற அலுவலர் வாசலுக்கு வந்து கையில் கொடுப்பார். அங்கே வங்குரோத்து நீதிமன்ற வழக்கில், நீ உன் வங்குரோத்து மனுவில் எழுதிய முகவரிக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பினாலே போதும். பதிலுக்குரிய 30 நாட்களும் அழைப்பாணை வழங்கப்பட்ட நாளிலிருந்தே ஓடும். முகவரி மாற்றத்தைக் கொடுத்திருந்தும் பழைய வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால், அழைப்பாணை முறையாகச் சேராத தீர்ப்பு செல்லாது என்று வாதாடலாம். கொடுக்கவில்லை என்றால், மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்ற ஒரே வழிதான் மிச்சம். அதில் நீதிபதி தன் தற்றுணிபை, அதாவது தானே முடிவெடுக்கும் அதிகாரத்தை, தவறாகப் பயன்படுத்தினார் என்று காட்ட வேண்டும். அது கடினம், மகன். இதைத் தீர்ப்பை நீக்கக் கேட்ட மனுவிலேயே சொன்னீர்களா என்றும் பார். கீழ் நீதிமன்றத்தில் சொல்லாததை மேல் நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்ல விடமாட்டார்கள்.

நாளைத் தவறவிடாதே. மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க, கட்டளை பதிவான நாளிலிருந்து 14 நாட்கள், 5 போய்விட்டன. இங்கே மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு ஞாயிறையும் பொது விடுமுறையையும் கழித்து எண்ணுவோம். அங்கே கழிக்கமாட்டார்கள், கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலைநாள். அறிவித்தல் கொடுத்ததும் கடனை அறவிடுவது தானாக நிற்காது. தடைக்கு வேறாக, முதலில் அதே நீதிமன்றத்தில், விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிய உறைகளைப் பயத்தில் திறக்காமல் அலுமாரியில் வைத்தேன் என்று அழுதாயே, அதை உன் சட்டத்தரணியிடம் சொல். வெட்கத்தில் மறைத்துவிட்டுச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்காதே. உறை எப்போது வந்தது என்று மற்றத் தரப்பு கேட்கத்தான் போகிறது. செலவுக்கு என் ஓய்வூதியச் சேமிப்பு இருக்கிறது, அதை நினைத்துத் தயங்காதே.

நாளைக் காலை ஆறு மணிக்கு அழைப்பேன். உனக்கு அப்போது இரவு. அதற்குள் எல்லா உறைகளையும் திறந்து, திகதிப்படி மேசையில் அடுக்கி வை. ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா